தர்ஸி என்று சொன்னால் என்ன குறை?

தையல்காரரைக் 'கய்யாத்' என்று சொல்வதுதான் நல்ல அரபு, கெய்ரோக்காரர்கள் சொல்லும் 'தர்ஸி' கலப்படச் சொல் என்று வாதிடுபவர்களைக் கண்டால் எனக்குக் கோபம் வருகிறது.

'கய்யாத்' பழமையான சொல் என்பதில் சந்தேகமில்லை. 'கைத்' என்றால் நூல். வைகறையின் வெள்ளை நூல் கறுப்பு நூலிலிருந்து பிரிந்து தெரியும்வரை உண்ணலாம் என்று குர்ஆன் நோன்பைப் பற்றிச் சொல்லும்போது வருவது இந்தச் சொல்தான். ஊசியின் காதில் ஒட்டகம் நுழையும்வரை என்ற வசனத்தில் ஊசிக்கு வரும் 'கியாத்' என்ற பெயரும் இதே வேரில் பிறந்தது.

'தர்ஸி' பாரசீகத்திலிருந்து வந்தது. அங்கே 'தர்ஸ்' என்றால் இரண்டு துணிகளை இணைக்கும் தையல்கோடு. அதைப் போடுபவர் தர்ஸி. துருக்கியர் அவரைத் 'தெர்ஸி' என்றார்கள். 1517இல் எகிப்து உஸ்மானியத் துருக்கியர் கைக்குப் போனது. அவர்களோடு வந்த சொல் கெய்ரோவின் கடைத்தெருவில் தங்கிவிட்டது. உருதுவிலும் இந்தியிலும் தையல்காரருக்கு வழங்கும் பெயரும் இதுவே.

என்னை உறுத்துவது வேறொன்று. அதே 'தர்ஸ்' அரபு மருத்துவத்திலும் இருக்கிறது. மண்டையோட்டின் எலும்புகள் ஒன்றோடொன்று பொருந்தும் கோட்டுக்கு உடற்கூறியலில் இன்றும் அதுதான் பெயர். மருத்துவர் சொன்னால் கலைச்சொல், தையல்காரர் சொன்னால் கொச்சையா? இதில் மொழிப்பற்று எங்கே இருக்கிறது? தொழிலாளியின் வாய்ச்சொல் மீதான இளக்காரம்தான் தெரிகிறது.

விரலில் ஊசி குத்தாமல் மாட்டிக்கொள்ளும் உறையை அரபுத் தையல்காரர்கள் 'குஷ்துபான்' என்கிறார்கள். இதுவும் பாரசீகம்தான், 'அங்குஷ்த்' என்றால் விரல். நம் தையற்கடைகளின் 'அங்குஸ்தான்' இதற்கு நெருங்கிய உறவு.

அரபும் சும்மா வாங்கிக்கொண்டே இருக்கவில்லை. 'அல்-கய்யாத்' போர்ச்சுகலுக்குப் போய் 'அல்ஃபயாத்' ஆனது. இன்றும் அங்கே தையல்காரருக்கு அதுதான் பெயர். பிரேசிலின் பஹியாவில் 1798இல் அடிமைமுறைக்கும் போர்ச்சுகீசிய ஆட்சிக்கும் எதிராக எழுந்த கிளர்ச்சியைத் தையல்காரர் கிளர்ச்சி என்றே வரலாறு அழைக்கிறது. அடுத்த ஆண்டு தூக்கிலிடப்பட்ட நால்வரில் இருவர் தையல்காரர்கள். உயிரைக் கொடுத்த அந்த மனிதர்களின் தொழிற்பெயர் அரபு மண்ணிலிருந்து போனது என்பதற்காக அதை எந்தப் போர்ச்சுகீசியராவது கொச்சை என்பாரா? ஸ்பெயினில் அந்தப் பெயர் வழக்கொழிந்து 'சாஸ்த்ரே' வந்துவிட்டது. ஆனாலும் குண்டூசிக்கு அவர்கள் இன்றும் சொல்லும் 'அல்ஃபிலேர்' அரபுதான்.

அரபு அகராதிகள் 'தர்ஸி'யை அயற்சொல் என்று ஓரமாக ஒதுக்காமல், அது வந்த வழியையும் சேர்த்து முழுப் பதிவாக அச்சிட வேண்டும். 'கய்யாத்'துக்குப் பக்கத்திலேயே, சம மதிப்புடன்.