பிசிறு எந்தப் பக்கம்?

டூல் ரூம் வேலை (தகடு வெட்டும் டை போன்ற கருவிகளைச் செய்வது) கற்றுக்கொடுக்கிறவர்களிடமும், பிள்ளையை அந்தப் படிப்பில் சேர்க்கலாமா என்று யோசிக்கிறவர்களிடமும் இதைச் சொல்லியே ஆக வேண்டும் என்று ரொம்ப நாளாக மனதில் இருக்கிறது.

பயிற்சி முடிவதற்குள் ஒவ்வொரு மாணவரும் ஒரு டையாவது முழுசாகத் தன் கையால் செய்திருக்க வேண்டும். டிராயிங் போடுவதில் தொடங்கி, பிரஸ்ஸில் ஏற்றி முதல் பீஸ் எடுக்கிற வரை. பல இடங்களில் அப்படி நடப்பதில்லை. லேத்தில் சில மாதம், மில்லிங்கில் சில மாதம், கிரைண்டிங் கொஞ்சம், கடைசியில் கம்ப்யூட்டர் புரோகிராமில் ஓடும் சிஎன்சி. ஒவ்வொரு மெஷினிலும் ஒரு மாதிரி ஜாப் செய்து, அளந்து, மார்க் போட்டு, அலமாரியில் வைத்துவிடுகிறார்கள். அந்த ஜாப் வேறு எதனோடும் போய்ப் பொருந்த வேண்டியதே இல்லை. அப்புறம் 0.03 மிமீ தப்பினால் என்ன ஆகும் என்று அந்தப் பிள்ளைக்கு எப்படித் தெரியும்?

நான் செய்த முதல் டை, 1 மிமீ தகட்டில் வாஷர் வெட்டுவது. வெளி விட்டம் 20, ஓட்டை 10. மைல்ட் ஸ்டீல் என்பதால் கிளியரன்ஸ், அதாவது மேலிருந்து இறங்கும் பஞ்சுக்கும் கீழே ஓட்டையோடு இருக்கும் டைக்கும் நடுவே விடும் இடைவெளி, ஒரு பக்கத்துக்குத் தகட்டுக் கனத்தில் 5 சதவீதம், அதாவது 0.05 மிமீ என்று எடுத்துக்கொண்டேன். வெளி வட்டத்தின் அளவைத் தருவது டை. ஆகவே டை 20, பஞ்ச் 19.90. ஓட்டையின் அளவைத் தருவது பஞ்ச். ஆகவே பஞ்ச் 10, டை 10.10. கணக்கில் பிழை இல்லை.

பிரஸ்ஸில் அடித்தேன். வாஷர் விழுந்தது. பாதி ஓரம் சுத்தமாக இருந்தது, மறு பாதியில் பிசிறு. அங்கிருந்த மூத்த டூல்மேக்கர், நகத்தை வைத்து ஓரத்தைச் சுற்றி வரச் சொன்னார்.

"பிசிறு எந்தப் பக்கம்?"

"இந்தப் பக்கம்ணே."

"அப்போ அங்க கேப் அதிகமா, கம்மியா?"

"அதிகம்."

"பஞ்ச் எங்க தள்ளி உக்காந்திருக்கு?"

"எதிர்ப்பக்கம்."

"டோவல் போடறதுக்கு முன்னாடி பேப்பர் வெட்டிப் பாத்தியா தம்பி?"

பார்க்கவில்லை. ஸ்க்ரூவை முடுக்கி, பாகங்களை இடம் மாறாமல் பிடிக்கும் டோவல் பின்னின் ஓட்டையைத் துல்லிய அளவுக்குச் சீவும் ரீமரும் போட்டு முடித்திருந்தேன். ஒரு தாளை வைத்து பஞ்சைக் கையால் இறக்கியிருந்தால் ஒரு பக்கம் வெட்டுப்பட்டு, மறுபக்கம் நார் நாராகக் கிழிந்து அப்போதே காட்டிக் கொடுத்திருக்கும். ரீமர் போட்ட ஓட்டையை நகர்த்த முடியாது. திரும்ப செட் பண்ணி, வேறு இடத்தில் டோவல் போட இரண்டு நாள் ஆனது. அவர் திட்டவில்லை, கை கொடுக்கவும் வரவில்லை. பக்கத்து வைஸில் தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த இரண்டு நாளில் கற்றதை வைத்துத்தான் இன்றைக்கும் நான் வேலை பார்க்கிறேன்.

"எல்லாம்தான் சிஎன்சி ஆகிவிட்டதே" என்பார்கள். சிஎன்சி வேண்டும், நன்றாகவே கற்றுக்கொடுங்கள். ஆனால் விட்டம் 0.02 கூட வந்தால் ஆஃப்செட்டை, அதாவது மெஷினில் பதிந்திருக்கும் டூலின் திருத்த அளவை, தட்டிச் சரி செய்வது ஒரு நிமிட வேலை. ஏன் கூடியது? வெட்டும் முனையான இன்சர்ட் தேய்ந்ததா? நீளமான ஜாப், மறுமுனையைத் தாங்கும் டெயில்ஸ்டாக் இல்லாமல் வளைகிறதா? சூடு ஆறுவதற்கு முன்பே மைக்ரோமீட்டர் வைத்தோமா? 100 மிமீ ஸ்டீல் 10 டிகிரி சூடேறினாலே 0.01 மிமீக்கு மேல் நீளும். அளவெடுக்க 20 டிகிரி என்று உலகம் முழுக்க வைத்திருப்பது சும்மா இல்லை. இப்படிக் கேட்கத் தெரிந்தவர் மெஷினை வேலைக்குத் தயார் செய்யும் செட்டர் ஆவார், புரோகிராம் போடுவார், டிசைனுக்கும் போவார். நம்பரை மட்டும் தட்டப் பழகியவர் அதே மெஷின் முன்னால் நிற்பார். அது அவர் குற்றம் இல்லை. அவரை யாரும் ஒரு டையைக் கெடுக்க விட்டதில்லை, அவ்வளவுதான்.

மெட்டீரியல் செலவு, நேரம் இல்லை என்பது நியாயமான கவலை. சின்ன டை போதும். சூடாக்கிக் கடினமாக்கும் ஹார்டனிங்கூட வேண்டாம், மெல்லிய அலுமினியத் தகட்டில் சில பீஸ் வெட்டும். இரண்டு பேருக்கு ஒன்று கொடுத்தாலும் சரி.

பெற்றோர்களே, முதல் சில வருடம் இந்த வேலையில் வளர்ச்சி மெதுவாகத்தான் தெரியும், அதை மறைக்க மாட்டேன். சேர்ப்பதற்கு முன் கடைசி வருட மாணவர்கள் செய்த ஒரு டையைக் காட்டச் சொல்லுங்கள். கட்டடத்தையும் மெஷின் எண்ணிக்கையையும் பிறகு பார்க்கலாம். அதில் வெட்டிய முதல் பீஸையும் கேளுங்கள். பிசிறோடு இருந்தால் பரவாயில்லை. அது ஏன் வந்தது என்று, செய்த பிள்ளையையே கேட்டுப் பாருங்கள்.