பீரங்கிக் குண்டு உறையில் செய்த சாக்ஸபோனா?

மதுரைப் பக்கம் பேண்டு செட் வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு செய்தி சுற்றுகிறது: "செல்மர் மார்க் 6 சாக்ஸபோன், உலகப் போர்க் குண்டுகளின் பித்தளை உறையை உருக்கிச் செய்தது. அதனால்தான் அந்த நாதம். புதிதாகக் கற்பவர்களும் பழசையே வாங்குங்கள்."

இது தவறு. போர் முடிந்தது 1945-இல். செல்மர் கம்பெனியின் மார்க் 6 மாடல் வந்தது 1954-இல். குண்டு உறைக் கதைக்கு ஆதாரமே கிடையாது. அருமையான வாத்தியம்தான், சந்தேகமில்லை. ஆனால் அந்த நாதம் குழலின் உள்வடிவத்திலும் வாயில் வைத்து ஊதும் மவுத்பீஸிலும், அதில் பொருத்தும் ரீடு என்ற நாணல் தகட்டிலும், ஊதுபவரிடமும் இருக்கிறது.

பழசு வாங்குவதென்றால் முதலில் பேடுகளை, அதாவது துளைகளை மூடும் தோல் மெத்தைகளைப் பாருங்கள். தோல் காய்ந்து விறைத்தால் துளை சரியாக மூடாது. இருட்டறையில் குழலுக்குள் சின்ன எல்இடி விளக்கை இறக்கி, கீகளை மெல்ல மூடுங்கள். பேடு ஓரத்தில் வெளிச்சம் தெரிந்தால் காற்றும் கசியும், கீழ் ஸ்வரங்கள் பேசாது. பாவம், கற்கும் பிள்ளை தன் ஊதல்தான் சரியில்லை என்று நினைத்து மனம் விட்டுப்போகும். அப்புறம், எல்லாப் பேடும் மாற்றும் செலவு வேறு.

யமஹா ஒய்ஏஎஸ்-280 போன்ற புது மாணவர் ரகத்தில் கீகள் விரலுக்கு வாகாக இருக்கும், சுருதியும் எளிதில் நிற்கும். இல்லை, பழசுதான் வேண்டுமா? சரி, வாசிக்கத் தெரிந்தவரைக் கூட்டிப்போய், ஆகக் கீழ் ஸ்வரமான பி ஃபிளாட் வரை ஊதவைத்துக் கேட்டபிறகு முன்பணம் கொடுங்கள்.