முடிவை முந்திச் சொல்லாதீர்கள்

ஆட்டத்தின் முடிவையோ படத்தின் திருப்பத்தையோ அடுத்தவர் பார்க்குமுன் போட்டுடைக்கும் பழக்கம் மட்டக்களப்பில் அளவுமீறிப் போய்விட்டது. இணையவழி நேரலை, காட்சியைச் சில விநாடித் துண்டுகளாக வெட்டி அனுப்பி, கைபேசியில் கொஞ்சம் சேர்ந்த பிறகே ஓடத் தொடங்குவதால், செய்மதித் தொலைக்காட்சியை விடப் பெரும்பாலும் பிந்தியே வருகிறது. இதனால், 2022 செப்டெம்பர் 11 அன்று துபாயில் நடந்த ஆசியக் கிண்ண இறுதியாட்டத்தில் இலங்கைப் பந்துவீச்சாளர் வனிந்து ஹசரங்க ஒரே ஓவரில் 3 விக்கெட்டுகளைச் சாய்த்தபோது, கல்லடியில் கைபேசியும் கையுமாக இருந்த எனக்கு ஒவ்வொரு விக்கெட்டும் பக்கத்து வளவின் கூச்சலாகவே முதலில் வந்து சேர்ந்தது; என் திரையிலோ அவர் அப்போதுதான் பந்துவீச ஓடி வந்துகொண்டிருந்தார். மகிழ்ச்சியில் கத்துபவர்களை நான் குறைசொல்ல மாட்டேன். 58 ஓட்டங்களுக்கு 5 விக்கெட்டுகளை இழந்து நின்ற இலங்கை அணி 23 ஓட்டங்களால் வென்றால் யார்தான் கத்தமாட்டார்கள்?

எனக்குப் பொறுக்காதது, முதற்காட்சிக்குப் போனவர்கள் தியேட்டருக்குள்ளேயே கைபேசியை உயர்த்திப் பிடித்து, வில்லன் யாரென்று தெரியவரும் இடத்தைப் பதிவுசெய்து, வீடு திரும்புமுன்பே வட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போட்டுவிடுவதுதான். பின்வரிசையில் இருப்பவருக்கு அந்த வெளிச்சம் கண்ணைக் குத்துகிறது. சம்பளம் வந்ததும் குடும்பத்தோடு போகலாம் என்று காத்திருந்தவருக்கோ படத்தின் உயிரே போய்விடுகிறது. கல்முனையிலிருந்தோ வாழைச்சேனையிலிருந்தோ பஸ் ஏறி, பிள்ளைகளுக்கும் சேர்த்து ரிக்கெட் எடுக்கிறவர் அந்த இடத்தில் திடுக்கிட வேண்டாமா? அதைப் பறிக்க எவருக்கும் உரிமையில்லை. முதல் வாரம் முடியும்வரையாவது பொறுத்திருங்கள்.