பழைய கேம் செட்டில் துளை போடாதீர்கள்

பொங்கலுக்குப் பங்காளிகள் எல்லோரும் தேவகோட்டை வீட்டில் கூடியிருந்தோம். இரண்டாம் கட்டுச் சாமான் அறையில் கிடந்த எங்கள் கேம் செட்டைத் துடைத்து எடுத்து வந்தேன். 1990-களின் தொடக்கத்தில் அம்மான் சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்தது. ஜப்பானின் நிண்டெண்டோ செய்த ஃபேமிகாம் என்ற கேம் செட்டைப் பார்த்துச் செய்த நகல்தான், ஆனால் எங்கள் தெருவுக்கே அது ஒன்றுதான் இருந்தது. கேசட்டைப் போட்டு, ஆன்டெனா வயரை வளவில் மாட்டியிருக்கும் 43 அங்குல டிவியில் செருகி, சேனல் தேடிப் பிடித்தேன். படம் வந்தது. ஆனால் மரியோவின் ஓரமெல்லாம் கரைந்து கிடந்தது, வானம் முழுக்கப் பொடிப்பொடியாகப் புள்ளிகள். அண்ணன் மகன் ஐந்து நிமிடம் விளையாடிவிட்டு எழுந்துவிட்டான். "சித்தப்பா, இதையா நாள் முழுக்க விளையாடினீங்க?"

உண்மையிலேயே மனசுக்குக் கஷ்டமாக இருந்தது. நாங்கள் விளையாடியது இதை இல்லை. எங்கள் சாலிடேர் டிவியில் அந்த நீலம் அப்படி இருக்கும். அவன் பார்த்தது விளையாட்டை அல்ல, புது டிவி அதைத் தப்பாகப் புரிந்துகொண்டு காட்டிய ஒன்றை. அன்று ராத்திரியே முடிவு செய்தேன், இதைச் சரி செய்துவிட்டுத்தான் அடுத்த வேலை என்று.

டிவி எங்கே தடுமாறுகிறது என்று சொல்கிறேன். அந்தக் கால டிவி நிகழ்ச்சியில் ஒரு படம் இரண்டு பாதியாக வரும். முதலில் ஒற்றைப்படை வரிகள், அடுத்து இரட்டைப்படை வரிகள். கேம் செட் அப்படி அனுப்பாது. ஒவ்வொரு முறையும் அதே வரிகளின் மேலேயே முழுப் படத்தையும் வரையும். ஃபேமிகாமின் படம் 256-க்கு 240 புள்ளிதான். ஜப்பான் முறையில் நொடிக்கு 60 முறை, நம் ஊர் டிவியின் பிஏஎல் (PAL) முறையில் 50 முறை வரையும். பிக்சர் டியூப் கேள்வி கேட்காமல் வரைந்துவிடும், வரிகளுக்கு நடுவே மெல்லிய கறுப்பு இடைவெளி விழும். புது டிவியோ அடுத்தடுத்து வரும் இரண்டு படங்களையும் ஒரே படத்தின் இரண்டு பாதி என்று நினைத்துப் பின்னிவிடுகிறது. கான்ட்ரா என்ற சுடும் விளையாட்டில் உயிர் போய் மறுபடி வரும்போது ஆள் மின்னுவான் இல்லையா? ஒரு படத்தில் இருப்பான், அடுத்ததில் இருக்க மாட்டான். இரண்டையும் பின்னினால் ஆள் சீப்புப் பல் மாதிரி கோடுகோடாகத் தெரிகிறான். எதிரிகள் கூட்டமாக வரும் இடத்திலும் இதே கதைதான். ஒரு வரியில் எட்டு உருவத்துக்கு மேல் அந்தச் சிப்பால் காட்ட முடியாது. அதனால் விளையாட்டை எழுதியவர்கள் ஒவ்வொரு படத்திலும் வேறு வேறு உருவத்தை மறைத்து ஒப்பேற்றினார்கள். டியூப் டிவியில் அது லேசான மினுக்கல், இதில் கந்தல்.

இத்தனையும் செய்து முடிக்க டிவிக்கு நேரம் வேறு வேண்டும். நாம் பட்டனை அழுத்திக் கொஞ்சம் கழித்துத்தான் மரியோ குதிக்கிறான், அதற்குள் பள்ளத்தில் விழுந்திருப்பான். டிவி அமைப்பில் கேம் மோட் இருந்தால் முதலில் அதைப் போடுங்கள். படத்தையும் 4:3-க்கு மாற்றுங்கள். அகலமாக இழுத்து வைத்த மரியோவைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை. இரண்டுக்கும் காசு கிடையாது.

இனி என் கருத்துக்கு வருகிறேன். இப்போது பழைய செட்டுகளை வாங்கி, திறந்து, "எச்டிஎம்ஐ ஆக்கித் தருகிறேன்", அதாவது புது டிவியின் சாக்கெட்டில் நேரே செருகும்படி மாற்றித் தருகிறேன் என்று அறுக்கிறார்கள். நண்பர் ஒருவர் தன் ஃபேமிகாமை, அசல் ஜப்பான் பெட்டியை, ஒரு கடையில் கொடுத்திருந்தார். திரும்பி வந்தபோது போய்ப் பார்த்தேன். பின்பக்கம் சால்டரிங் இரும்பாலேயே உருக்கி ஓட்டை போட்டிருந்தார்கள். படத்தை டிவி சேனலாக்கி ஆன்டெனா வயரில் அனுப்பும் ஆர்எஃப் பெட்டி உள்ளே இருந்தது, அதைப் பிடுங்கி எறிந்துவிட்டு, சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் ஏவி மாற்றிப் பெட்டி ஒன்றைப் பசை போட்டு ஒட்டியிருந்தார்கள். அதில் வந்த படம்? அதே சீப்புப் பல். அந்த மலிவான பெட்டிகளில் பெரும்பாலானவை டிவி செய்யும் அதே தப்பைத்தான் செய்கின்றன. பெட்டியும் போனது, படமும் வரவில்லை.

எங்கள் வீட்டில் இதை நான் ஏற்கெனவே பார்த்திருக்கிறேன். கரண்ட் வந்த காலத்தில் ஐயா சுவரில் உளி வைக்க விடவில்லையாம். மர ரீப்பர் அடித்து அதன் மேலேயே வயரை ஓட்டினார்கள். இன்றைக்கு அந்த ரீப்பரைக் கழற்றினால் ஆணித் துளைதான் இருக்கும், சுண்ணாம்பும் முட்டை வெள்ளைக்கருவும் சேர்த்து இழைத்த பூச்சு அப்படியே கண்ணாடி மாதிரி நிற்கிறது. பிறகு ஒரு பங்கில் ஏசி வைக்கச் சுவரை வெட்டினார்கள். சிமென்ட் வைத்துப் பூசிய அந்தத் தடம் எத்தனை வெள்ளை அடித்தாலும் மறையவில்லை. அந்தப் பூச்சைத் திரும்பக் கொண்டுவர ஆள் தேடி அலுத்துவிட்டோம்.

ஆகவே, செட்டைத் திறக்கும் முன் திறக்கத்தான் வேண்டுமா என்று பாருங்கள். 1988-இன் மெகா டிரைவ், 1990-இன் சூப்பர் ஃபேமிகாம், 1994-இன் பிளேஸ்டேஷன் ஆகிய மூன்று செட்டுமே சிவப்பு, பச்சை, நீலத்தைத் தனித்தனியாகப் பின்பக்க சாக்கெட்டிலேயே தருகின்றன. சரியான கேபிளும், பழைய படத்தைப் புது டிவிக்கு ஏற்றபடி பெருக்கித் தரும், வெளியே வைக்கும் நல்ல ஸ்கேலர் பெட்டியும் போதும். ஓஎஸ்எஸ்சி, ரெட்ரோடிங்க் போன்றவை இந்த வேலைக்காகவே செய்யப்பட்டவை. 240 வரியை 240 வரியாகவே புரிந்துகொண்டு பெருக்கித் தரும். ஓஎஸ்எஸ்சி முழுப் படம் சேரும்வரை காத்திருப்பதில்லை, அதனால் குதிப்பதில் தாமதம் தெரியாது. விலை அதிகம்தான். ஆனால் ஒன்று வாங்கினால் வீட்டில் இருக்கும் எல்லா செட்டுக்கும் ஆகும், ஒரு திருகைக்கூடக் கழற்ற வேண்டாம்.

ஃபேமிகாம் மட்டும் வேறு. அதன் படச் சிப் நிறங்களைக் கலந்து ஒரே சிக்னலாகத்தான் வெளியே விடும், தனித்தனி நிறம் அதில் கிடையாது. என்இஎஸ்ஆர்ஜிபி என்ற போர்டைப் பொருத்தினால் கிடைக்கும். அதற்கு 40 கால் உள்ள சிப்பை ஈயம் உருக்கிச் சேதமில்லாமல் வெளியே எடுக்க வேண்டும். கை பழகாதவர் செய்தால் போர்டில் உள்ள செம்புத் தடம் உரிந்து வந்துவிடும். பழகியவர் செய்தால் அருமையான படம், மறுக்கவில்லை. ஆனால் அது முதல் வேலையாக இருக்கக் கூடாது.

எங்கள் செட்டில் அதற்கும் வழியில்லை. உள்ளே சிப் எல்லாமே தார் போன்ற ஒரு கறுப்பு உருண்டைக்குள் அடக்கம். அதனால் ஆர்எஃப்பை மட்டும் தவிர்த்தேன். படமும் ஒலியும் ஒரு சேனலுக்குள் திணிக்கப்பட்டு, டிவிக்குள் மறுபடி பிரிக்கப்படுவதில்தான் பாதிப் புள்ளி சேர்கிறது. திணிப்பதற்கு முன்பே படத்தை எடுத்துக்கொண்டேன். ஒரு டிரான்சிஸ்டர், சில ரெசிஸ்டர்கள், ஒரு 220 மைக்ரோ ஃபாரட் கண்டன்சர், அவ்வளவுதான் சாமான். ஆர்எஃப் வெளியே வரும் சாக்கெட்டும் ஏவி கேபிளில் படம் வரும் மஞ்சள் வயர் செருகும் அதே வடிவம்தான், அதனால் படத்தை அதன் வழியாகவே வெளியே கொண்டுவந்தேன். ஒலி வயர் பின்பக்கக் காற்றுத் துளை வழியாக வருகிறது. புதிதாக ஒரு துளை இல்லை.

எல்லாவற்றையும் கத்தி முனை போலக் கூர்மையாக்குவதும் எனக்கு உடன்பாடில்லை. 1991-இல் மெகா டிரைவுக்கு வந்த சோனிக் விளையாட்டின் அருவியைப் பாருங்கள். உண்மையில் அது நெருக்கமான செங்குத்துக் கோடுகள். மஞ்சள் வயரின் கலங்கலில் அவை கரைந்து, பின்னால் இருப்பது தெரிகிற தண்ணீராக மாறும். படம் தெளிவாக ஆக ஆக அருவி வேலியாகிவிடுகிறது. அதை வரைந்தவர் மனதில் இருந்தது தண்ணீர். அதனால் மெகா டிரைவுக்கு நான் இன்னமும் மஞ்சள் வயரைத்தான் ஸ்கேலரில் செருகுகிறேன், கூடவே கறுப்பு வரி இடைவெளியையும் போட்டுக்கொள்கிறேன்.

துப்பாக்கி விளையாட்டுக்கு மட்டும் இந்த மாற்றங்கள் எதுவும் உதவாது. பிக்சர் டியூப் ஒளிரும் நேரத்தை நம்பியே அந்தத் துப்பாக்கி வேலை செய்கிறது. பழைய டியூப் டிவி வீட்டில் ஓடிக்கொண்டிருந்தால் எடைக்குப் போடாதீர்கள், தயவுசெய்து.

காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் யாரிடமாவது செட் கிடந்தால் எழுதுங்கள், வந்து பார்க்கிறேன். ஜப்பான் அடாப்டர் இருந்தால் நம் சுவரில் செருகிவிடாதீர்கள், அது 100 வோல்ட்டுக்கானது. எங்கள் செட்டில் கழற்றிய ஆர்எஃப் வயரை ஒரு சின்ன உறையில் போட்டு, எந்த வயர் எங்கே இருந்தது என்று துண்டுச் சீட்டில் எழுதி, மூடிக்குள்ளேயே வைத்து மூடியிருக்கிறேன். அண்ணன் மகன் கோடை விடுமுறைக்கு வருகிறான், கான்ட்ராவுக்கு இரண்டு ரிமோட்டும் தயார்.