அலுமாரிக்குள்ள 230 வோல்ட் எதுக்கு?

விடிய நாலரைக்கு எழும்பி பஸ்ஸுக்கு ஓடுற பொம்பளைக்குத்தான் தெரியும் அலுமாரிக்குள்ள ஒரு லைட் இருந்தா என்ன புண்ணியம் எண்டு. கட்டில்ல புள்ள நித்திர, ரூம் லைட்டப் போட்டா எழும்பிரும், போனை வாயில கவ்விக்கிட்டு அந்த டோர்ச் வெளிச்சத்தில கறுப்பா கருநீலமா எண்டு பிளவுஸ் தேடுற கூத்து வேற. அதனால லைட் வேணுமா எண்டு ஆரும் என்னட்டக் கேக்க வேணாம், வேணும்தான். ஆனா நம்மட ஆக்கள் அதப் போடுற விதத்தப் பாத்தாத்தான் நெஞ்சு பக்கெண்டுது.

எங்கட மட்டக்களப்பு கல்லடி வீட்டுக்கு ஃபேன் மாட்ட வந்த தம்பிட்ட இதக் கேட்டன். "இதுக்குப் போய் யோசிக்கிறீங்களா அக்கா, அந்தப் பிளக் பொயின்ட்ல இருந்து ட்வின் வயர் ஒண்ட இழுத்து அலுமாரிக்குப் பின்னால ஓட்டையப் போட்டு உள்ளுக்க ஹோல்டர மாட்டினா அரை மணித்தியால வேல" எண்டான். வயர் எத்தின அம்பியர் தாங்கும் தம்பி எண்டு கேட்டா "ஒரு பல்ப்புக்கு என்னத்த அக்கா தாங்குற" எண்டு சிரிக்கிறான். கெட்டிக்காரப் பொடியன்தான், ஃபேன் நல்லா மாட்டித் தந்தான், ஆனா இந்த விசயத்தில நான் அவன நம்பல்ல.

ஏனெண்டா ஒரு பல்ப்புக்கு எண்டு இழுக்கிற வயர் ஒரு பல்ப்போட நிக்காதே. அதே வயர்ல அலுமாரிப் பக்கத்தில ஒரு பிளக் பேஸும் வந்திட்டா நாளைக்கு ஆராவது அதில அயன் பொக்ஸக் குத்துவாங்க, சத்தியமாக் குத்துவாங்க. 1000 வோட்ஸ் அயன் 230 வோல்ட்டில 4 அம்பியருக்கு மேல இழுக்கும், லைட்டுக்கு எண்டு வாங்கிற அந்த 0.5 சதுர மில்லிமீற்றர் மெல்லிய வயர் தாங்கிறது 3 அம்பியர். சதுரக் கால் பிளக்குக்குள்ள 13 அம்பியர் பியூஸ் கிடந்தா வயர் உருகினாலும் பியூஸ் போகாது. அதுவும் அந்த வயர் எங்க கிடக்கு? சாறிக்கும் பெட்சீற்றுக்கும் பின்னால, கண்ணுக்குத் தெரியாத இடத்தில.

"எங்கட வீட்டில ட்ரிப் சுவிட்ச் இரிக்கே" எண்டு சொல்ற ஆக்களுக்கு ஒண்டு. அது நல்ல சாமான், கட்டாயம் இரிக்கோணும், 30 மில்லி அம்பியர் கரண்ட் வெளிய கசிஞ்சாலே, உங்கட உடம்பால எண்டாலும், விழுந்திரும். ஆனா முறுக்கி டேப் சுத்தின ஜொயின்ட் ஒண்டு லூசாகி உள்ளுக்க சூடாகினா அதுக்குத் தெரியவே தெரியாது, கசிவு இல்லையே. எங்கட பக்கம் ஒரு கையில கடல் மறு கையில வாவி, உப்புக் காத்து ஸ்க்ரூவையும் செம்பையும் சும்மா விடாது, மாரியில அலுமாரிக்குள்ள உடுப்பே பூஞ்சணம் பிடிக்குது, ஜொயின்ட் மட்டும் புதுசா இரிக்குமா. எலிக்கும் இந்த வயரெண்டா நல்ல விருப்பம்.

பழைய குண்டு பல்ப்பப் பத்தி சொல்லத் தேவையில்லை எண்டு நினைச்சன், ஆனா இன்னும் மாட்டுறாங்க. அது இழுக்கிற கரண்ட்ல பெரும்பங்கு சூடாத்தான் போகுது, 60 வோட்ஸ் பல்ப்ட கண்ணாடி 100 பாகைக்கு மேல போகும், மேல் தட்டில அடுக்கின பெட்சீற் சரிஞ்சு அதில முட்டினா பிறகு கதைக்கத் தேவையில்ல. அமெரிக்காவில உடுப்பு அறைக்குள்ள மூடியில்லாத குண்டு பல்ப்பும் தொங்குற ஹோல்டரும் மின் விதியிலயே தடை, மூடின எல்ஈடி லைட்ட சுவருக்குள்ள புதைக்காம வெளிய தெரியிற மாதிரிப் பூட்டினாலும் சாமான் வைக்கிற இடத்துக்கும் லைட்டுக்கும் இடையில 12 அங்குலம் விடச் சொல்றாங்க. அவங்கட உடுப்பு அறைகள்ல கனக்க ஆள் உள்ளுக்க போய் நிக்கிற அளவு. நம்மட அலுமாரி ரெண்டடி ஆழம், அதில 12 அங்குலத்த எங்க போய்த் தேடுற?

அதனால என்ட கட்சி இதுதான்: அலுமாரிக்குள்ள வீட்டு கரண்டே போக வேணாம். ஒரு நாளைக்குப் பத்து நிமிசம் எரியிற லைட்டுக்கு சேர்ஜ் பண்ற சென்சர் லைட் போதும். காத்தான்குடிக் கடைகள்லயும் இரிக்கு ஒன்லைன்லயும் இரிக்கு, கதவத் திறந்து கைய நீட்டினா உடம்புச் சூட்டுட அசைவப் பிடிச்சி எரியும், கொஞ்சத்தில தானா நிக்கும். 2022 மார்ச்சில பதிமூண்டு மணித்தியாலம் கரண்ட் வெட்டினாங்களே, அப்ப மெழுகுதிரியோட அலுமாரியத் திறந்த ஆக்கள எனக்குத் தெரியும், நினைச்சாலே பயம், இந்த லைட் அந்த நேரத்திலயும் எரியும்.

அதையும் கண்ண மூடிட்டு வாங்காதீங்க. உள்ளுக்க இரிக்கிறது லித்தியம் பெட்டறி, அதனால சேர்ஜ் போடக்குள்ள லைட்டக் கழட்டி வெளிய மேசையில வைங்க, உடுப்புக்கு நடுவில கிடந்தபடி வயரக் குத்தாதீங்க, ஆக்கள் முழிச்சிருக்கிற நேரத்தில போடுங்க. பெட்டறி ஊதினா வீசுற லைட்டுதான், "இன்னும் எரியுதே" எண்டு வைக்கப்படாது. சேர்ஜ் பண்ணாம சின்னப் பெட்டறி மாத்திப் போடுற லைட் எண்டா மாதக் கணக்கில பாவிக்காம விட்டா உள்ளுக்க கசிஞ்சி பழுதாக்கும். கூட வாற ரெட்டைப் பக்க டேப் எங்கட வெக்கைக்கு ரெண்டு கிழமையில கழண்டு விழும், மரத்தில லைட் ஒட்டி நிக்கிற காந்தத் தகட்ட ரெண்டு சின்ன ஸ்க்ரூவால இறுக்கிருங்க. சென்சரையும் மேல் தட்டு மறைக்காத மாதிரி கதவு ஓரமா வைக்கணும், இல்லாட்டி கைய ஆட்டி ஆட்டி டான்ஸ் ஆட வேண்டியதுதான்.

இல்ல, எனக்கு நிரந்தர லைட்டே வேணும் எண்டு நிக்கிற ஆக்கள், முக்கியமா மகளுக்கு சீதன வீடு கட்டிக்கிட்டிரிக்கிற அப்பாமார், பூச்சு வேலைக்கு முதலே சுவர் அலுமாரிக்கு வயர் போறதுக்கு ஒரு குழாய் வைக்கச் சொல்லுங்க. லைட் சேர்க்கிட்ல இருந்து வரணும், பிளக் பொயின்ட்ல இருந்து இல்ல, சுவிட்ச் அலுமாரிக்கு வெளிய இரிக்கணும், லைட் மூடியுள்ள எல்ஈடியா இரிக்கணும், செய்யிற ஆள் லைசன்ஸ் உள்ள எலக்ட்ரீசியனா இரிக்கணும். பூசி முடிஞ்ச பிறகு எண்டா சுவர வெட்டுற கூலி லைட்ட விடக் கூட.