சிறு தீ

எட்டே வாரங்களில் ஞான விழிப்பு என்று விளம்பரம் செய்த ஓர் இணைய வகுப்பில் சென்ற ஆண்டு பணம் கட்டிச் சேர்ந்தேன். சீனாவின் தாவோ மரபின் உள் ரசவாதம் என்றார்கள். மூச்சை அடிவயிற்றில் நிறுத்தி, முதுகெலும்பு வழியாக உச்சந்தலைக்கு ஏற்றச் சொன்னார்கள். மூன்றாவது வாரம் தலைவலி வந்தது, தூக்கம் போனது. கேட்டதற்கு, “ஆற்றல் ஏறுகிறது, நல்ல அறிகுறி” என்றார்கள். அன்றே நிறுத்திவிட்டேன். அப்போது கோபம் வரவில்லை. அந்த மரபைத் தேடிப் படித்த பிறகுதான் வந்தது, அதை இப்படி விற்பவர்கள்மீது.

இந்தப் பயிற்சிக்குச் சீனத்தில் நெய்தான் என்று பெயர். ‘தான்’ என்றால் சாதிலிங்கம். நம் சித்த மருத்துவர்கள் வாலை ரசம், அதாவது வடித்தெடுத்த பாதரசம், இறக்கும் அதே சிவந்த கல். சீனாவிலும் முதலில் அந்தக் கல்லையும் பாதரசத்தையும் ஈயத்தையும் உலையில் வைத்துத்தான் சாகா மருந்து தேடினார்கள். அதை உண்டு செத்தவர்களும் உண்டு. 846இல் இறந்த தாங் வம்சப் பேரரசர் வூசோங்கின் முடிவுக்கும் அந்த மருந்தைத்தான் காரணம் சொல்கிறார்கள். பிறகு உலை உடம்புக்குள் இடம் மாறியது. அடிவயிறு கொப்பரை, மூச்சு தீ. உயிர்ச்சத்து மூச்சாகவும், மூச்சு உணர்வாகவும் கனிய வேண்டும் என்பது கணக்கு.

12ஆம் நூற்றாண்டில் இந்த மரபின் ஒரு பெரும் கிளையைத் தொடங்கிய வாங் சொங்யாங், சுங்நான் மலைப் பக்கம் தனக்குத் தானே ஒரு சவக்குழி தோண்டி, அதில் சில ஆண்டுகள் வாழ்ந்தவர். அப்படிப்பட்டவர் தியானத்தைப் பற்றிச் சொல்லிவைத்ததைப் படித்தபோது நிமிர்ந்து உட்கார்ந்தேன். கண்ணை மூடி உடம்பை நிமிர்த்தி அமர்வது பொய்யான அமர்வு. நடக்கையிலும் நிற்கையிலும் படுக்கையிலும், பகலும் இரவும், மனம் சீனாவின் தாய்ஷான் மலைபோல் அசையாதிருப்பதே மெய்யான அமர்வு என்கிறார். அவருடைய சீடர் சியு சூஜி, ஓர் ஓடைக்கரையில் வழிப்போக்கர்களை முதுகில் சுமந்து அக்கரை சேர்த்தபடி ஆண்டுகளைக் கழித்தார் என்பது மரபுக் கதை. 1222இல், எழுபதைக் கடந்த வயதில், செங்கிஸ்கானை நேரில் பார்த்தார். சாகா மருந்து உண்டா என்று கேட்டான் உலகையே நடுங்கவைத்தவன். உயிரைப் பேண வழி உண்டு, சாகாமலிருக்க மருந்து கிடையாது என்றார். அவனிடமே அதைச் சொல்ல எவ்வளவு தெளிவு வேண்டும்! எட்டு வாரக் கணக்கு சொல்பவர்களிடம் நான் எதிர்பார்ப்பது அந்த நேர்மையில் ஒரு துளிதான்.

என் அப்பா பக்கவாதத்தில் படுத்து இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. விடியற்காலை நாலரை மணிக்கு அவருக்குக் கஞ்சி வைக்கிறேன். கீழே தீ, மேலே நீர். உள் ரசவாதம் கேட்பதும் இதே அடுக்குதான். சும்மா விட்டால் நெஞ்சின் தீ மேலே தாவும், சிறுநீரகத்தின் நீர் கீழே வடியும். தீயைக் கீழே இறக்கி நீரை மேலே ஏற்ற வேண்டும். தீயின் அளவைத்தான் அந்த மரபினர் பெரிய வித்தையாகக் காத்தார்கள். நம் சித்தர்களும் தீபாக்கினி, கமலாக்கினி, காடாக்கினி என்று சிறு தீயிலிருந்து பெருந்தீ வரை தரம் பிரித்தவர்கள்தானே! எனக்குச் சொல்லித்தந்தவர்களோ முதல் நாளே காடாக்கினியை மூட்டிவிட்டார்கள்.

அப்பா சில நாள்களில் கஞ்சியைத் துப்பிவிடுவார். வேண்டுமென்று அல்ல, தொண்டை ஒத்துழைப்பதில்லை. ஆனாலும் என் காது மடல்கள் சூடாகும், தாடை இறுகும், கரண்டி பிடித்த விரல்கள் வெளுக்கும். அதுதான் தாவும் தீ. இப்போதெல்லாம் அதை விரட்டுவதில்லை. மூச்சை நீளமாக விட்டு, கவனத்தைத் தொப்புளுக்குக் கீழே கொண்டுபோகிறேன். நாலைந்து மூச்சுக்குள் விரல்கள் தளர்கின்றன. முதுகெலும்பில் ஒளி எதையும் நான் பார்த்ததில்லை. ஆனால் அப்பாவின் முகத்தைப் பார்க்கிறேன். வாய் கோணிப்போன அந்த முகத்தில் ஒரு சங்கடம் இருக்கிறது; அது முதல் ஆண்டு முழுக்க என் கண்ணில் படவே இல்லை.

இன்று காலையும் துப்பினார். துடைத்துவிட்டேன். கஞ்சி ஆறிப்போயிருந்தது. மறுபடி அடுப்பில் ஏற்றி, தீயைக் குறைத்துவிட்டுப் பக்கத்திலேயே நின்றேன்.