மார்க்குக்காக வந்த பிள்ளைகளா?

நம்ம ஊர்க் குளம் கெட்டுப்போனதைப் பற்றிப் பேச வந்த கல்லூரிப் பிள்ளைகளை ஞாயிற்றுக்கிழமை ஊர்க் கூட்டத்தில் மேடையிலிருந்தே கேலி செய்தார்கள். அதைப் பற்றி எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். ஆனால் ஊர் வாட்ஸ்அப் குழுவில் அந்த வீடியோவைப் போட்டு இன்னும் சிரிக்கிறார்கள். இனி பேசாமல் இருக்க முடியாது.

அந்தக் கல்லூரிப் பிள்ளைகள் சுவரில் ஒட்டியது நம்ம குளத்தின் படம். குளத்துக்குத் தண்ணீர் வருகிற சானலில் எந்தெந்த இடத்தில் சாக்கடை சேருகிறது என்று தெருத்தெருவாக நடந்து குறித்த படம். அதை அவர்கள் தனியாகக் குறிக்கவில்லை. நம்ம ஊர் ஆட்களோடு சேர்ந்து குறித்தார்கள். எத்தனை தடவை வேண்டுமானாலும் இதைச் சொல்வேன். "மார்க்குக்காகச் செய்றாங்க, விடுங்க" என்று மேடையில் இருந்தவர் சொன்னபோது, அவமானப்பட்டது பிள்ளைகள் மட்டும் இல்லை.

குளத்து மடையைத் திறந்து மூடுகிற பெரியவர், நாங்கள் பாட்டா என்று கூப்பிடுகிறவர், மூங்கில் கம்பைத் தண்ணீரில் இறக்கியபோது நான் கரையில் நின்றேன். பாதிக் கம்புக்கு மேல் கறுத்த சேறு. ஒரு பிள்ளை சேறு ஏறிய இடத்தில் நூல் கட்டி, டேப் வைத்து அளந்து நோட்டில் எழுதினாள். குளத்தை மூடிக் கிடக்கிற ஆகாயத் தாமரையை அள்ளினால் போதும் என்று நினைத்துத்தான் அவர்களும் வந்தார்கள். "மக்கா, அள்ளுனா மறுபடியும் வரும். அதுக்குச் சோறு எங்கேருந்து வருதுன்னு பாருங்க" என்றார் பாட்டா. நைட்ரஜனும் பாஸ்பரசும் சேர்ந்த கழிவுநீர்தான் அந்தச் சோறு என்று பிள்ளைகள் விளக்கினார்கள். அதன் விதை சேற்றுக்குள் 15 ஆண்டுக்கு மேலும் உயிரோடு கிடக்குமாம். ராத்திரியில் கழிவுநீர் லாரி வந்து, குளம் நிறைந்தால் தண்ணீர் வெளியேறுகிற மறுகால் பக்கம் திறந்துவிடுவதைச் சொன்னது நூறு நாள் வேலைக்குப் போகிற அக்காமார். எந்த ஆய்வுக்கூடத்தில் இது தெரிய வரும்?

மார்க் கிடைக்கும்தான். கிடைக்கட்டுமே! சம்பளம் வாங்குகிறவர்கள் செய்யாத வேலையை மார்க்குக்குச் செய்தால் அது குற்றமா?

"செமஸ்டர் முடிந்தால் போய்விடுவார்கள்" என்கிறீர்கள். அது உண்மை, எனக்கும் அந்தக் கவலை உண்டு. அதனால்தான் ஊர்க்காரர்கள் கூட நிற்க வேண்டும் என்கிறேன். படமும் நோட்டும் நம்மிடம்தான் இருக்கின்றன. "அரசாங்கம் பார்க்க வேண்டிய வேலை" என்பவர்களுக்கு, மனு கொடுக்கவும் ஆதாரம் வேண்டும், அதைத்தான் பிள்ளைகள் எடுத்துத் தந்திருக்கிறார்கள்.

இரண்டாயிரத்துக்கு மேல் குளம் இருக்கிற மாவட்டம் நம்ம கன்னியாகுமரி. 2022-இல் சுசீந்திரம் தேரூரும் வேம்பனூரும் ராம்சார் பட்டியலில், அதாவது உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் பட்டியலில், வந்தபோது எல்லோரும் ஸ்டேட்டஸ் வைத்தோம். அந்தக் குளங்களுக்குப் பறவை வருவது பெருமை. நம்ம வீட்டுக்குப் பின்னால் இருக்கிற குளத்தைப் பற்றி ஒரு பிள்ளை பேசினால் மட்டும் சிரிப்பு.

என் அப்பா அந்தக் குளத்துத் தண்ணீரில்தான் கன்னிப்பூ, கும்பப்பூ என்று இரண்டு போகம் நெல் விளைவித்தார். சாயங்காலம் வயலிலிருந்து ஏறி வந்து, படித்துறையில் குளித்துவிட்டுத்தான் வீட்டுக்கு வருவார். இன்று அந்தப் படியில் கால் வைத்தால் சொறிகிறது. வயல் வாழையாகி, பிறகு பிளாட்டும் ஆகிவிட்டது. என் மகன் படித்துவிட்டு வளைகுடாவில் இருக்கிறான். அவனை நான் குறை சொல்லவில்லை, இங்கே அவனுக்கு என்ன வேலை இருந்தது? ஆனால் யாரோ பெற்ற பிள்ளைகள் என் அப்பாவின் குளத்தில் முழங்கால் சேற்றில் நின்றதைப் பார்த்தபோது எனக்கு நெஞ்சு அடைத்தது. அவர்களைத்தான் நீங்கள் மைக்கில் கேலி செய்தீர்கள்.

2011 கணக்கெடுப்பில் எழுத்தறிவில் தமிழ்நாட்டிலேயே முதல் மாவட்டம் நாம், 91.75 சதவீதம். அவ்வளவு படித்த நாம், படிக்கிற பிள்ளை ஊர்ப் பிரச்சினைக்கு வந்து நின்றால் விரட்டுகிறோம். அப்புறம் இளைஞர்களுக்கு ஊர்ப்பற்று இல்லை என்று புலம்புகிறோம். அன்று கூட்டம் முடிந்ததும் அந்தப் பிள்ளை படத்தைச் சுருட்டும்போது கை நடுங்கியது. பாட்டாவுக்குப் பேச வாய்ப்பே கொடுக்கவில்லை. எண்பது வயசு மனுஷன், கடைசி வரிசையில் நின்றுகொண்டே இருந்தார்.

படத்தின் நகலைப் படிப்பகத்தில் ஒட்டியிருக்கிறோம். சானலில் விழுகிற ஒவ்வொரு குழாய்க்கும் அதில் நம்பர் போட்டிருக்கிறது. என் வீட்டுக்குப் பின்னால் இருப்பதும் அதில் உண்டு, அதை அடைத்து உறிஞ்சுகுழி தோண்ட ஆள் சொல்லிவிட்டேன். சிரித்தவர்களும் போய் உங்கள் வீட்டு நம்பரைப் பாருங்கள். குழி எடுக்கச் சம்மதம் என்றால் பாட்டாவிடம் சொல்லுங்கள், பிள்ளைகள் சனிக்கிழமை வந்து அளவு எடுத்துத் தருவார்கள்.